கஞ்சி தூக்கலா, மட்டா?

ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா என்ற வெளுக்கும் இடத்தில் கொடிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகினால் போதும். கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் விழாது. மட்டாஞ்சேரியிலிருந்து ஆட்டோ பிடித்தால் சற்று நேரத்தில் போய்விடலாம். உள்ளே போனால் காதில் விழுவது தமிழ். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். இப்போதுள்ள துவைக்கும் தடுப்புகளைப் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-இல் கட்டிக்கொடுத்தது. நடத்துவது வண்ணார் சங்கம். அரிசிக் கஞ்சி, சிரட்டைக் கரி போட்ட கனமான இஸ்திரிப் பெட்டி எல்லாம் இன்னும் உண்டு.

வருகிறவர்கள் கொடியையும் பெட்டியையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் என்னை மயக்குவது படத்தில் விழாத ஒன்று: யாருக்கு எப்படி என்கிற ஞாபகம். ஒருவருக்கு முண்டு மொடமொடவென்று நிற்க வேண்டும். இன்னொருவருக்குக் கழுத்துப் பட்டியில் மட்டும் கஞ்சி. பருத்திப் புடவைக்குக் கஞ்சி வேண்டும், ஆனால் முந்தானை தொய்ந்து விழ வேண்டும் என்பார் வேறொருவர். இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளர் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வாடிக்கையாளரே இல்லை.

பழைய வழக்கத்தில் வண்ணான் குறி என்று ஒன்று உண்டு. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் இரண்டு கோடோ ஒரு புள்ளியோ வைத்து, மேலே சுண்ணாம்பைத் தடவுவார்கள். கறுத்து ஒட்டிக்கொள்ளும், எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. இதில் நான் ரசிப்பது குறி சொல்லாமல் விடும் சங்கதியை. இந்தத் துணி யாருடையது என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். கஞ்சி தூக்கலா மட்டா, மடிப்பா தொங்கலா என்ற பேச்சே அதில் இல்லை. அது வெளுப்பவரின் தலைக்குள் இருக்கும், ஏனென்றால் அது மாறும். மாறாததைத் துணியில் எழுதினார்கள், மாறுவதை மனதில் வைத்துக்கொண்டார்கள்.

இதைக் கணினிக்குக் கொண்டுபோவோம். மட்டாஞ்சேரியில் ஒரு ஹோம்ஸ்டே என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகளின் சலவை உருப்படிக் கணக்கை நோட்டில் எழுதி அலுத்துப்போன வீட்டுக்காரர், ஆயத்தமாகக் கிடைக்கும் லோ-கோட் டெம்ப்ளேட் ஒன்றை எடுக்கிறார். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. படிவம், அட்டவணை, நினைவூட்டல் எல்லாம் பொருத்தியே வரும். லோ-கோட் என்ற பெயரை ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல்தான் வைத்தது. இன்று சோஹோ என்றும் அன்று அட்வென்ட்நெட் என்றும் பெயர் கொண்ட நம் சென்னை நிறுவனம் அந்த வேலையைச் செய்யும் கிரியேட்டர் என்ற கருவியை 2006-லேயே வெளியிட்டுவிட்டது. பெயர் பின்னால் வந்தது, பண்டம் முன்னால் வந்தது!

நம் வீட்டுக்காரர் எடுத்தது, 2020-இல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட் என்று கொள்வோம். டெம்ப்ளேட்டை நகலெடுத்த உடனே படிவம் ஓடும். ஆனால் ஒவ்வொரு முறையும் வெறும் கட்டங்களோடுதான் திறக்கும். நேற்று வந்த ஆளும் அதற்குப் புது ஆள். இங்கேதான் அந்தக் கருவியின் ஒரு நுட்பத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அட்டவணையில் ஒரு பத்தியின் அமைப்பைத் திறந்தால் தனித்தனியாக மூன்று இடங்கள் இருக்கும்: ஆப் ஃபார்முலா, இனிஷியல் வேல்யூ, சஜெஸ்டட் வேல்யூஸ். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் கட்டத்தை நிரப்பத்தானே என்று தோன்றும். பந்தியில் பரிமாறிப் பழகியவருக்கு வித்தியாசம் உடனே விளங்கும். முதலாவது, கேட்காமலே இலையில் போட்டுவிடும், நீங்கள் தள்ளி வைக்கவும் முடியாது. இரண்டாவது, போடும், ஆனால் வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, வாளியோடு பக்கத்தில் நின்று கேட்கும். தொகையைக் கணக்கிட முதலாவது சரி. கஞ்சியைக் கேட்க அது வந்தால் மரியாதை கெட்டுவிடும்.

ஆகவே கஞ்சிக்கு இனிஷியல் வேல்யூ. அதில் எழுத வேண்டிய சூத்திரம் ஒரே வரி: ஆர்டர் அட்டவணையில் இந்த வாடிக்கையாளருக்குரிய வரிசைகளில் தேதி ஆகப் பிந்தியதைத் தேடு, அதில் கஞ்சிப் பத்தியில் இருப்பதைக் கொண்டுவந்து வை. இப்போது புதுப் படிவத்தில் ஒருவர் பெயரைத் தேர்ந்தால் அவருடைய கஞ்சி வந்து உட்காரும். பெயரை மாற்றினால் கஞ்சியும் மாறும். ஆனால் கஞ்சிக் கட்டத்தில் ஒருமுறை நீங்கள் கை வைத்து வேறொன்றைத் தேர்ந்துவிட்டால், அதன் பிறகு சூத்திரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. இந்த விலகிக்கொள்ளும் குணத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கருவியிலேயே ஆகப் பண்பான இடம் அதுதான்.

அதே அமைப்புப் பக்கத்தில் ரீசெட் ஆன் எடிட் என்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. கஞ்சிப் பத்தியில் அதைத் தெரியாமல் போட்டுவிட்டால், நாளைக்கு யாரோ அந்த ஆர்டரைத் திறந்து அறை எண்ணைத் திருத்தும்போது, விருந்தாளி சொன்ன கஞ்சி சத்தமில்லாமல் இனிஷியல் வேல்யூ சொல்லும் மதிப்புக்கு மாறிவிடும். கடைசியாகத் திருத்திய நேரம் போன்ற பத்திகளுக்கு அது அருமையான வசதி. ஒருவர் வாயால் சொன்னதன் மேல் அதை ஏவக்கூடாது.

எல்லாம் சரி, ஆனால் போன ஆர்டர் என்பதே நம்பத்தக்க சாட்சியா? வழக்கமாக மட்டான கஞ்சி கேட்கிறவர், கல்யாணத்துக்குப் போகிறேன் என்று ஒரு முண்டை மட்டும் தகடு மாதிரி கேட்டிருப்பார். மேலே சொன்ன சூத்திரம் அந்தக் கல்யாணத்தை ஆயுசுக்கும் நடத்திக்கொண்டே இருக்கும். வெளுப்பவர் தலைக்கு இந்தக் குழப்பம் வராது. அது விசேஷத்துக்கு என்று அவருக்குத் தெரியும். அட்டவணைக்கு அதைத் தெரிய வைக்க, ஞாபகத்தை இரண்டு இடத்தில் பிரித்து வைக்க வேண்டும். வாடிக்கையாளர் அட்டவணையில் ‘வழக்கம்’ என்று ஒரு பத்தி, ஆர்டர் அட்டவணையில் ‘இந்தத் தடவை’ என்று ஒரு பத்தி. படிவம் வழக்கத்திலிருந்துதான் எடுத்து நிரப்பும். இந்தத் தடவை மாற்றினால் அந்த ஆர்டரோடு அது தீர்ந்தது. வழக்கத்தை மாற்றுவது வேறு ஒரு பொத்தானின் வேலை, அதை அமுக்குவது மனிதர். இரண்டு மூன்று தடவை தொடர்ந்து ஒரே மாற்றம் வந்தால் ‘இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளவா?’ என்று கேட்கும்படி ஓர் ஆட்டோமேஷனை எழுதலாம். முதல் தடவையே கேட்கிற செயலிகள் உண்டு. அவற்றோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

மறப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. விருந்தாளி ஊருக்குத் திரும்பிய பின் அவருடைய வழக்கத்தை அழிக்கும் பொத்தான் பெரும்பாலான டெம்ப்ளேட்களில் தானாக வருவதில்லை, நாம்தான் வைக்க வேண்டும். இரண்டு அட்டவணையாகப் பிரித்தவருக்கு இது சுலபம்: வழக்கத்தைத் துடைத்துவிட்டுக் கணக்குக்கு வேண்டிய ஆர்டரைப் பெயரில்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஒரே அட்டவணையில் குவித்தவர் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டிருப்பார்.

கடைசியாக, டெம்ப்ளேட்காரர்கள் ஒப்புக்கு வைத்துவிட்டுப் போகிற ‘குறிப்பு’ என்ற பத்தியைப் பற்றி. எந்தப் பட்டியலிலும் அடங்காதது எல்லாம் அங்கேதான் வந்து சேரும்: இரண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கிறது, பார்த்துத் துவையுங்கள்; மஞ்சள் கறை பழையது, அழுத்தித் தேய்க்க வேண்டாம். துணி கைக்கு வந்ததும் வெளுப்பவர் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். ஆகவே படிவத்தில் இதை மேலே ஏற்றி வைப்பேன். ஆனால் இதற்கு மட்டும் இனிஷியல் வேல்யூ எதுவும் எழுத மாட்டேன். போன தடவை தளர்ந்திருந்த பொத்தானை இதற்குள் யாராவது தைத்திருப்பார்கள்.