உணர்வின் பெயரும் நிறமும்: இரு குழந்தைப் படநூல்கள்

சினம், அச்சம் முதலிய உணர்வுகளைக் குழந்தைகள் தாமே இனங்கண்டுகொள்ளத் துணைநிற்கும் படநூல்கள் இன்று பெருகி வருகின்றன. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு இவை பெயர்க்கப்படுங்கால் படம் மாறாது நிற்க, சொல் மட்டுமே மாறுகிறது. ஆகவே, உணர்த்தும் பொறுப்பைப் படமும் சொல்லும் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்பது மொழியியலார் நோக்கத்தக்க வினாவாகும். இரு நூல்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

முதலாவது, ஸ்பெயின் நாட்டு ஓவியர் அன்னா லியேனாஸ் 2012இல் வெளியிட்ட, 'வண்ணங்களின் பூதம்' எனப் பொருள்படும் தலைப்புடைய நூல். குழம்பிக் கிடக்கும் பூதத்தின் உணர்வுகளைச் சிறுமி ஒருத்தி பிரித்துத் தனித்தனிக் குடுவைகளில் இடச் செய்கிறாள். மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் துயரம், சிவப்பு சினம், கறுப்பு அச்சம், பச்சை அமைதி. பெயரும் நிறமும் ஒருசேரக் கிட்டும் இத்தெளிவு பாராட்டத்தக்கது.

ஆயினும், நிறத்தின் பொருள் எல்லா மொழிக்கும் பொதுவன்று. தொல்காப்பிய உரியியல், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் வெகுளிப் பொருள் கூறி, நிறத்தை உணர்த்தலும் அவற்றுக்கு உரியது என்கிறது. இன்றைய வழக்கிலும் சினத்தால் முகம் சிவக்கிறது, மனத்தாங்கலால் கறுக்கிறது, அச்சத்தாலோ வெளிறுகிறது. துயரத்தை நீலத்தோடு இணைக்கும் தொடர் பேச்சு வழக்கில் இல்லை. எனவே, இந்நூலைத் தமிழில் கேட்கும் குழந்தை, வீட்டு மொழியோடு ஒவ்வாத ஓர் அட்டவணையை மனனம் செய்ய நேரும்.

இலக்கண அமைப்பும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் சினப்படுபவனே எழுவாய்; சினம் அவனது நிலையாகக் கூறப்படும். தமிழில் 'எனக்குக் கோபம் வருகிறது' என்கிறோம். இங்குக் கோபம் எழுவாய். உணர்பவன் நான்காம் வேற்றுமை ஏற்கிறான். கன்னடம், இந்தி முதலிய இந்திய மொழிகள் பலவற்றிலும் இவ்வமைப்பு உண்டு. வந்தது போய்விடும் என்னும் ஆறுதல் இத்தொடரிலேயே அடங்கியுள்ளது. குடுவையில் அடைத்த உணர்வோ வைத்த இடத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, அமெரிக்கரான மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்டு, 1964இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற நூல். குறும்பு செய்த மாக்ஸ் உணவின்றிப் படுக்கைக்கு அனுப்பப்படுகிறான். அறை காடாகிறது, கடல் கடந்து சென்று கொடுவிலங்குகளுக்கு அவன் அரசனாகிறான். சிறுவனின் சினத்தைப் பெயரிட்டுச் சுட்டும் சொல் ஓரிடத்தும் இல்லை. பக்கம் புரளப் புரளப் படம் பெருகி, கூத்தின் உச்சியில் மூன்று இரட்டைப் பக்கங்களைச் சொல்லின்றி நிரப்புகிறது. பின்னர்த் தனிமை அவனை வருத்த, வீடு திரும்புகிறான், உணவு காத்திருக்கிறது. இறுதிப் பக்கத்தில் படமே இல்லை. வந்த வெகுளி தணிந்ததைப் பக்க அமைப்பே உணர்த்திவிடுகிறது.

பெயரறியாக் குழந்தை தன் உணர்வைப் பிறரிடம் கூறுவது எங்ஙனம் என வினவலாம். தடை நியாயமானதே. ஆனால், செண்டாக்கின் நூலில் அப்பெயரை வழங்கும் இடம் படித்துக் காட்டும் தாய்க்கு விடப்பட்டுள்ளது. அவள் தன் வழக்கிலுள்ள சொல்லையே வழங்குவாள். லியேனாஸின் நூலில் படமே பொருளை முடிவு செய்துவிடுவதால் பெயர்ப்பாளருக்கும் தாய்க்கும் இடமில்லை.

ஒரே படத்தைப் பல மொழிகளில் வெளியிடும் நம் நாட்டுப் பதிப்பாளர்கள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உணர்வுச் சொல்லை அகராதியிலிருந்து எடுத்துப் படத்தின்மேல் ஒட்டுவது போதாது; படம் வரையுமுன்பே அச்சொல் வீட்டில் எத்தொடரில் வழங்குகிறது என அறிதல் தேவை. குழந்தை அழுதுகொண்டே பேசுவது அத்தொடரில்தான்.