கோப்பிக் கும்மியும் கூலி நிலுவையும்

1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ மலையகத் தமிழிலக்கியத்தின் முன்னோடி நூல்களுள் ஒன்றாகும். உழைக்கும் மக்களின் கும்மி வடிவத்தில் அமைந்த இந்நூலில் தோட்ட நிர்வாகத்தின் நோக்கே மேலோங்குகின்றது. செல்வத்தை ஈட்டித் தந்தோரின் அவலம் பின்தள்ளப்படுகின்றது.

இதனை ஆசிரியரின் தனிக்குறையாக நாம் கொள்வதற்கில்லை. 1854இல் தோன்றி, கண்டியை மையமாகக் கொண்டிருந்த தமிழ்க் கூலி மிஷன் துரைமாரின் நன்கொடையையும் நம்பியே இயங்கியது. கோப்பித் தோட்டங்களிலோ மாதக்கணக்கான கூலி நிலுவை வழக்கமாயிருந்தது. செல்வத்தை நற்பணிக்கு ஈவதே கிறிஸ்தவ அறம் என்போர் யாக்கோபின் நிருபத்தை மறக்கலாகாது. அதன் ஐந்தாம் அதிகாரத்தில், அறுவடை செய்தோருக்கு மறுக்கப்பட்ட கூலியே செல்வருக்கு எதிராக முறையிடுகின்றது. எனவே, ஈகைக்கு முன்னர் ஈட்டிய முறையே அறத்தின் விசாரணைக்குரியது.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே இலங்கைக் கோப்பியில் இலைநோய் கண்டது; இருபதாண்டுகளுக்குள் அச்செல்வம் சரிந்தது. கும்மியின் மௌனத்தையும் சேர்த்து வாசிப்பதே நமது கடனாகும்.