கவுன்சிலிங்கும் சீர்மியமும்

கடலூர்ப் பக்கம் 'கவுன்சிலிங்' என்றதும் பெற்றோருக்கு நினைவு வருவது இன்ஜினீயரிங் சீட்டு, ஆசிரியர்களுக்கு இடமாறுதல். கலங்கிப்போன பிள்ளையை உட்காரவைத்துப் பேசித் தேற்றும் வேலைக்கும் இங்கே அதே பெயர்தான். யாழ்ப்பாணத்தில் அதைச் 'சீர்மியம்' என்கிறார்கள். 'உளவளத்துணை' என்ற சொல்லும் புழங்குகிறது. அந்த வேலையைச் செய்ய ஆளைப் பழக்கும் முறையிலும் இரு கரைகளும் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம். 1929இல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழி உளவியல் முதுகலை படித்தவர்கள் தமிழகமெங்கும் இருக்கிறார்கள். ஆனால், முதுகலை முடித்த கையோடு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டிவிட முடியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழி, மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளோடு இரண்டு ஆண்டு பழகும் எம்.பில். படிப்பு. மனநல மருத்துவராக வேண்டுமானால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் மூன்று ஆண்டு எம்.டி.; குழந்தைகளுக்கென்றே தேர்ச்சி பெற, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் டி.எம். படிப்பு இருக்கிறது. படிகள் தெளிவாகவே உள்ளன. தகுதியில்லாதவர் கையில் பிள்ளை சிக்காமல் காப்பவை அவை. ஆனால் மேலே போகப்போக இடம் குறைகிறது. பாடமும் தேர்வும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

இலங்கையில் நிபுணர்களை உருவாக்குவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனம். சிறுவர் உளமருத்துவத்தில் நிபுணராக வேண்டியவர் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்றுத் திரும்ப வேண்டும். இப்படி வருகிறவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறையே இலங்கையை வேறொரு வழிக்குத் தள்ளியது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற மருத்துவ உத்தியோகத்தர்கள் மாவட்டங்களில் மனநலப் பணியைத் தாங்குகிறார்கள். உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய உளமருத்துவர்களே இருந்தனர். அவர்களில் ஒருவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், வைத்தியசாலை வாசலிலேயே காத்திருக்கவில்லை. போரின் காயத்தை 'மனவடு' என்ற தமிழ் நூலில் எழுதினார். பள்ளி ஆசிரியர்களைப் பிள்ளைகளின் துயரம் கேட்கப் பழக்கும் பணியிலும் ஈடுபட்டார். யாழ்ப்பாணத்துச் 'சாந்திகம்' நிறுவனம் சீர்மியர்களைப் பயிற்றுவித்தது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய 'வண்ணத்துப்பூச்சி' சமாதானப் பூங்காவில், போரைக் கண்ட பிள்ளைகள் களிமண்ணும் வண்ணமும் கதையும் கொண்டு விளையாடித் தேறினார்கள்.

அங்கே மொழியும் சிகிச்சைக்குள் வந்தது. யாழ்ப்பாணத்தில் 'யோசனை' என்றால் கவலை. "பிள்ளை ஒரே யோசிக்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், பிள்ளை வேதனையில் இருக்கிறான் என்று பொருள். 'பெருமூச்சு' என்று ஒருவர் சொல்லும்போது, நெஞ்சில் அடைத்திருக்கும் துக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார். இதை அறிந்தவரால்தான் அங்கே சிகிச்சை தர முடியும். நம் ஊரிலும் அப்படித்தான். "புள்ள ராத்திரியில திடுக்குன்னு எழுந்து ஒக்காந்துக்குது சார், மந்திரிச்சுப் பாத்தாச்சு, கேக்கல" என்கிறாள் குப்பத்துத் தாய். ஆங்கில வினாப்பட்டியலில் அந்த வாக்கியத்துக்குக் கட்டம் கிடையாது. கேட்கிற உளவியல் மாணவர் அதை உடனே 'தூக்கக் கோளாறு' என்று குறித்துக்கொள்கிறார். பயந்த இடம் எது, எதைக் கண்டு பயந்தான், யாரிடம் மந்திரித்தார்கள் என்ற கதை குறிப்பேட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர்க் கரையின் தேவனாம்பட்டினத்தையும் சோனங்குப்பத்தையும் அடித்தது. இலங்கையின் கிழக்குக் கரையையும் அதே நாளில் வாரிக்கொண்டு போனது. அப்போது தமிழகக் கரைக்கு நிம்ஹான்ஸ் குழுவினர் வந்து உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கினார்கள். ஆக, இலங்கை வழி நமக்குப் புதியதில்லை. பிறகு 2011இல் 'தானே' புயல், 2015இல் பெருவெள்ளம் என்று கடலூர் மாவட்டம் மீண்டும் மீண்டும் அடி வாங்கியது. பேரிடர் வந்தால் மட்டும் வருகிற பயிற்சி இந்த மாவட்டத்துக்குப் போதாது.

இலங்கை முறையை அப்படியே பெயர்த்து நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறுகிய காலம் பழகிய ஆசிரியரால் கடுமையான நோயைக் கண்டறிந்து சிகிச்சை தர இயலாது. அவருக்குப் பின்னால் தேர்ந்த நிபுணர் நிற்க வேண்டும். இந்தியாவில் உள்ளது போன்ற பதிவேடும் நீண்ட மேற்பார்வைப் பயிற்சியும் இலங்கையிலும் விரிவடைய வேண்டும். நமக்கு வேண்டியது, படித்த இடத்துக்கும் பிள்ளை இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பாதை. சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. உளவியல் முதுகலை மாணவர் ஒரு பருவம் முழுக்க, நிபுணரின் மேற்பார்வையில், கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ ஒரு பள்ளிக்கு வாரந்தோறும் போகட்டும். அங்குள்ள ஆசிரியரோடு உட்கார்ந்து கேட்கட்டும். நோய்க்குறிப்பின் முதல் வரியில், அந்தத் தாய் சொன்னதை அவள் சொன்ன தமிழிலேயே எழுதட்டும். நோயின் பெயர் இரண்டாவது வரியில் வரட்டும்.