மலிவான கீபோர்டும் மூன்று கோஹன்களும்

ஸ்கூடாயில் படித்த காலத்தில் லியோனார்ட் கோஹனை எனக்கு அறிமுகம் செய்தவர், ஹாஸ்டலில் அடுத்த அறையில் இருந்த ஓர் அண்ணன். அவர் அப்போது மாஸ்டர்ஸ் செய்துகொண்டிருந்தார், நான் முதலாம் ஆண்டு மாணவன். ஒரு பென்டிரைவில் 1967, 1969, 1971-இல் வந்த மூன்று ஆல்பங்களை மட்டும் போட்டுக் கொடுத்தார். "இதுக்கு மேல கேக்காத தம்பி. அப்புறம் ஆளு கீபோர்டு வாங்கிட்டாரு, கதை முடிஞ்சிச்சு" என்றார்.

ஐந்தாறு வருடங்கள் அந்த வார்த்தையை நான் மீறவே இல்லை.

கோஹன் ரசிகர்களைக் கொஞ்ச நேரம் பேசவிட்டால் மூன்று கட்சிகளாகப் பிரிந்துவிடுவார்கள். முதல் கட்சிக்கு 'சுசான்', 'ஃபேமஸ் ப்ளூ ரெயின்கோட்' என்று ஆரம்பகாலப் பாடல்கள் போதும். இரண்டாவது கட்சி 2008-க்குப் பிறகு உருவானது. ஓய்வுக்காலச் சேமிப்பை இழந்து, 73 வயதில் மறுபடியும் மேடையேறி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தபடி நிற்கும் கிழவர்தான் அவர்களுடைய கோஹன். மூன்றாவது கட்சி சின்னது. 1984-இல் வந்த 'வேரியஸ் பொசிஷன்ஸ்', 1988-இல் வந்த 'ஐம் யுவர் மேன்' ஆகிய இரண்டையும் கட்டிக்கொண்டு நிற்பவர்கள். நான் இப்போது அந்தக் கட்சிக்காரன். அண்ணனின் 'கதை முடிஞ்சிச்சு' என்பதற்கு ஒன்பது வருடம் தாமதமான பதில்தான் இந்தக் கட்டுரை.

கோஹன் முதலில் பாடகர் அல்ல. மொன்ட்ரியாலில் 1934-இல் பிறந்தவர். 1956-இல் முதல் கவிதைத் தொகுப்பு, அதன் பிறகு இரண்டு நாவல்கள். முதல் ஆல்பம் வந்தபோது வயது 33. பாடல் உலகத்தில் அது வயதான அறிமுகம். அதனால்தான் அந்த முதல் ஆல்பத்திலேயே பயிற்சி பெற்ற ஒரு கவிஞனின் கை தெரிகிறது. சொற்கள் எண்ணி வைக்கப்பட்டவை. அவற்றின் அடியில் நைலான் கம்பி கித்தார் ஓயாமல் அலைபோல ஓடிக்கொண்டிருக்கும். இளமையில் ஒரு ஸ்பானிய இளைஞரிடம் கற்ற சில பாடங்களே தன் எல்லாப் பாடல்களுக்கும் அடித்தளம் என்று 2011-இல் ஸ்பெயினில் விருது பெற்றபோது கோஹனே சொன்னார்.

அந்தப் பாடல்களில் எப்போதும் ஓர் அறை இருக்கிறது. அறைக்குள் ஒருவன், அவன் பேசுவது ஒரே ஒருவரிடம். 'ஃபேமஸ் ப்ளூ ரெயின்கோட்' ஒரு கடிதமாகவே எழுதப்பட்டு, கோஹனின் சொந்தப் பெயரில் கையெழுத்தோடு முடிகிறது. கேட்கும் நாம் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்கிறோம். பத்தொன்பது வயதில் எனக்கு அது பெரிய போதையாக இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ரகசியம் எனக்கு மட்டும் சொல்லப்பட்டதுபோல. இன்றும் அந்தப் பாடல்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை கேட்பவனைக் கொஞ்சம் முகஸ்துதி செய்கின்றன என்பதும் இப்போது தெரிகிறது.

அடுத்தது அந்தக் கீபோர்டு. அது ஒரு சிறிய காசியோ. பொத்தானை அழுத்தினால் தாளம் தானாக ஓடும். கல்யாண வீட்டு பேண்ட்காரர்கூட யோசித்துத்தான் மேடையில் வைப்பார். 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தின் முதல் பாடலான 'டான்ஸ் மீ டு தி எண்ட் ஆஃப் லவ்' அந்தத் தாளத்தில் நிற்கிறது. முதல்முறை கேட்டபோது அண்ணன் சொன்னது சரி என்றே நினைத்தேன். பிறகு ஒரு நேர்காணல் மூலம் பாடலின் விதை என்னவென்று தெரிந்தது. நாஜி மரண முகாம்களில், சக கைதிகள் எரிக்கப்படும்போது பக்கத்தில் நின்று வாசிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட இசைக்கலைஞர்கள். இன்று பலர் இதைக் கல்யாணங்களில் காதல் பாட்டாகப் போடுகிறார்கள். அது தவறும் இல்லை, பாடல் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆனால் அந்த விதை தெரிந்தபின் அந்த இயந்திரத் தாளம் மலிவாகக் கேட்கவில்லை. யாரோ உத்தரவு போட்டு ஆட வைக்கும் நடனத்துக்கு அதைவிடப் பொருத்தமான தாளம் ஏது? கித்தாரில் இது வெறும் சோகமாகியிருக்கும்.

இன்னொரு சாட்சி 'ஹாலேலூயா'. அதுவும் இதே ஆல்பம்தான். அமெரிக்காவில் இதை வெளியிட கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது. கோஹனுக்கு அப்போது வயது 50. பாடலை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 1994-இல் ஜெஃப் பக்லி பாடிய வடிவம். பக்லி அப்போது இருபதுகளில் இருந்தவர், கையில் கித்தார், குரலில் இளமையின் வலி. அருமையான வடிவம், மறுக்கவில்லை. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். நடுவயதுக்காரன் ஒருவன் தோல்வியோடு சமாதானம் பேசிய பாடலை, ஓர் இளைஞன் கித்தாரோடு பாடிய பிறகுதான் நாம் தலையில் தூக்கி வைத்தோம். நமக்குப் பாடல் பிடித்தது, அதை எழுதிய வயது பிடிக்கவில்லை.

'ஐம் யுவர் மேன்' வரும்போது குரல் நன்றாகவே இறங்கிவிட்டது. உயரத்தில் பாட வேண்டியதைப் பெண் குரல்களிடம் விட்டுவிட்டு, கோஹன் கீழே கிட்டத்தட்ட பேசுகிறார். பொறியியல் படித்தவன் என்பதால் இதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. கையில் இருக்கும் பொருள் எவ்வளவு பாரம் தாங்குமோ அதற்கேற்ப வடிவமைத்திருக்கிறார். 'டவர் ஆஃப் சாங்' பாடலில் வயதையும் உடம்பு வலியையும் தன் குரலையும் அவரே கேலி செய்கிறார். நடுவில் ஒரு விரலால் தட்டுவதுபோல ஒரு கீபோர்டு வாசிப்பு வேறு! 2008 லண்டன் கச்சேரிப் பதிவில் குரலைப் பற்றிய அந்த வரி வரும்போது கூட்டம் ஆரவாரம் செய்வதைக் கேட்கலாம். அறைக்குள் ஒருவரிடம் ரகசியம் பேசியவர், இங்கே தன்னையே பார்த்துச் சிரித்தபடி எல்லாரிடமும் பேசுகிறார். அறைக் கதவு திறந்துவிட்டது. எனக்கு இது வீழ்ச்சியாகத் தெரியவில்லை.

இந்த ஆல்பங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ட்ரம் சத்தம் சில இடங்களில் அந்தக் காலத்து விளம்பரம் மாதிரி இருக்கும். 'ஜாஸ் போலீஸ்' பாடலை இன்றுவரை தாண்டிவிட்டுத்தான் போகிறேன்.

இரண்டாவது கட்சியோடு எனக்கு இருக்கும் சண்டை வேறு மாதிரி. 'யூ வான்ட் இட் டார்க்கர்' 2016 அக்டோபர் 21-இல் வந்தது, நவம்பர் 7-இல் கோஹன் இறந்தார். பதினேழு நாள் இடைவெளி அந்த ஆல்பத்தை விமர்சனத்துக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது. மரணத்தின் குரல், ஞானியின் விடைபெறல் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பாடலை உண்மையில் யாரும் கேட்பதில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது. மொன்ட்ரியாலில் அவர் குடும்பத்தின் யூத ஆலயப் பாடகர் குழு மேலே பாட, அடியில் கோஹனின் குரல் பேசுகிறது. கீழே பேச்சு, மேலே மற்றவர்களின் பாட்டு. இந்த அமைப்பு சாவு நெருங்கியதால் திடீரென்று வந்த அருள் அல்ல. ஐம்பது வயதில், நிறுவனம் நிராகரித்த ஓர் ஆல்பத்தில் அவர் பழகத் தொடங்கியது. கடைசிக் கோஹனைக் கொண்டாடிவிட்டு நடுக் கோஹனை மட்டும் தள்ளிவைக்க முடியாது.

முதல் கட்சி இளமையைக் கும்பிடுகிறது, இரண்டாவது மரணத்தை. நடுவில் ஒருவன் உட்கார்ந்து வேலை செய்கிறானே, அவனுக்குத்தான் ஆளில்லை. இந்தப் பழக்கம் நம் இலக்கியக் கூட்டங்களிலும் உண்டு. 'முதல் தொகுப்பு மாதிரி வராது' என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளரின் இருபது வருட உழைப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம். எழுத்தாளர் காலமானதும் சிறப்பிதழ் போடுகிறோம்.

அண்ணன் ஹாஸ்டலில் கவிதை எழுதினார். நோட்டுப் புத்தகத்தில் நாற்பது கவிதைகளாவது இருக்கும், சில எனக்கு இன்னும் மனப்பாடம். வேலைக்குப் போனபின் எழுதவில்லை. போன மாதம் மாமாக் கடையில் சந்தித்தபோது ஏன் என்று கேட்டேன். "அந்த வயசுல எழுதினதுதான் எழுத்து தம்பி. இப்ப எழுதினா பொய்யா இருக்கும்" என்று சொல்லிவிட்டு தே தாரிக்கை ஆற்றத் தொடங்கினார். ஆரம்பகாலக் கோஹனை மட்டும் அவர் காப்பாற்றி வைத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவருக்கு இப்போது வயது 33. கோஹன் முதல் ஆல்பம் போட்ட வயது.

அன்றிரவே 'டவர் ஆஃப் சாங்' அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "கீபோர்டு சகிக்கல." கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "ஆனா ஆளு சிரிக்கிறாரு இல்ல?"

ஆமாண்ணே, சிரிக்கிறாரு. அடுத்த முறை பார்க்கும்போது அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதில் பின்பக்கம் நிறைய வெற்றுத் தாள் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.