மும்பைத் துறைமுகமும் பாய்மரப் பள்ளிகளும்

பாய்மரப் படகுப் போட்டி என்றாலே தலைமுறை தலைமுறையாகக் கிளப் உறுப்பினராக இருந்துவந்த குடும்பங்களின் விளையாட்டு என்ற எண்ணம் மும்பையில் இன்றும் இருக்கிறது. அப்படி எண்ணக் காரணமும் உண்டு. ராயல் பாம்பே யாட் கிளப் 1846இல் தொடங்கியது. வெள்ளையருக்குப் பின் இந்தத் தண்ணீரில் பேர் எடுத்தவர்களில் பார்சிகள் பலர். 1982 ஆசிய விளையாட்டின் பாய்மரப் போட்டிகள் இங்கேயே நடந்தபோது ஃபயர்பால் பிரிவில் தங்கம் வென்றவர்கள் ஃபரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும். ஆனால் இந்த மரபு ரத்தத்தில் வருவதல்ல, படகும் துறையும் பிள்ளையின் கைக்கு எட்டுவதால் வருவது என்பதே என் கட்சி.

கொலாபாவில் உள்ள ராணுவப் பாய்மரப் பயிற்சி மையம் இதற்குச் சான்று. அங்கே தேர்ந்தவர் வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன். அப்பா ராமச்சந்திரன் சரவணன் ராணுவத்தில் இருந்தபோதே பாய் பிடித்தவர். அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்படாத இந்த வித்தையை மகனுக்கும் மகள் ரம்யாவுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். 2019இல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம், டோக்கியோ ஒலிம்பிக்கில் 20ஆவது, பாரிஸில் 18ஆவது இடம் என்று விஷ்ணு ஏறியிருக்கிறார். கிளப் பரம்பரை செய்ததை இங்கே ஒரு சிப்பாய்க் குடும்பமும் ஒரு பயிற்சி மையமும் சேர்ந்து செய்திருக்கின்றன.

மையத்தைப் போலவே தண்ணீரும் வாத்தியார்தான். மும்பையில் பெரிய ஓத நாட்களில் கடல் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்கும். வற்றம் இழுக்கும்போது நடுக்கால்வாயில் நிற்கிற படகு, பாய் நிறையக் காற்று இருந்தும் பின்னுக்குப் போகும். தேர்ந்தவன் ஓட்டம் தளர்ந்த ஆழமற்ற ஓரத்தைப் பிடித்து, பிற்பகலில் வடமேற்கிலிருந்து வரும் கடற்காற்றை எதிர்த்துப் பக்கம் மாற்றி மாற்றி மேலேறுவான். சென்னைப் பள்ளி வேறு மாதிரி. சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் ஊரில், துறைமுகச் சுவரைத் தாண்டினால் திறந்த கடலின் அலைதான். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைப் பிள்ளைகள். டோக்கியோவில் இந்தியாவுக்காகப் பாய் பிடித்த நால்வரில் இவர்களைத் தவிர மிச்சம் இருந்தவர் விஷ்ணு.

இது காசுள்ளவர் விளையாட்டு என்பார்கள். பாதி உண்மை. விஷ்ணு ஓட்டும் ஐஎல்சிஏ 7 படகில் எல்லோருக்கும் ஒரே உடல், ஒரே ஏழு சதுர மீட்டர்ப் பாய். பணத்தைக் கொட்டினாலும் படகை வேகமாக்க முடியாது. பணம் தடுப்பது அந்தப் படகில் முதன்முதலாக ஏறி உட்காருவதைத்தான். அந்தத் தடையை ராணுவம் மட்டுமே நீக்க முடியும் என்பதும் சரியல்ல. சுகெய்ம் ஷேக் தொடங்கிய ஹைதராபாத் யாட் கிளப், ஏழைப் பிள்ளைகளை ஹுசைன் சாகர் ஏரியில் இறக்கியது. அங்கே பழகிய பிரீத்தி கொங்கரா ஹாங்சோவில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டார். ஏரித் தண்ணீரிலேயே இது நடக்கும் என்றால், மாகிம் கழியை ஒட்டிய தாராவியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் முடியாது? ஏழு வயதிலேயே ஏறக்கூடிய ஆப்டிமிஸ்ட் படகுகள் சிலவும், மழை ஓய்ந்த அக்டோபரிலிருந்து மே வரை கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளரும் போதும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் சங்கங்கள் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கின்றன, சபா நடத்தியிருக்கின்றன. துறைமுகக் கிளப்புகளோடு பேசி ஒரு படகுத்துறையை வாங்கித் தருவது அவற்றின் சக்திக்கு மீறிய காரியமல்ல.