முகத்திலிருந்து பக்கத்துக்கு

மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் பார்த்துப் படம் வரையும் பிள்ளைகளைப் பற்றி ஒரு தீர்ப்பு இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. இவர்கள் நகலெடுக்கிறார்கள், ஓவியம் கற்கவில்லை. முதலில் உடற்கூறு தெரியட்டும், ஒரு ஆசிரியரிடம் உட்கார்ந்து கோடு பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்பதே அதன் சாரம். ஓவிய ஆசிரியர்களும் சொல்கிறார்கள், கலை பற்றி எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். வலி ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறிடத்தில் தடவுகிற தீர்ப்பு இது. நருட்டோ, லூஃபி என்ற மங்கா நாயகர்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிற பிள்ளையிடம் குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குறை நகலெடுப்பதல்ல, முகத்தோடு நின்றுவிடுவது. இதைப் பேச கஞ்சிக்கோடு பொருத்தமான இடம். வாளையாற்றைத் தாண்டியதும் வருகிற இந்தத் தொழிற்பேட்டை ஊரில் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்குகின்றன. யாரிடமும் முறையாகப் பயிலாமல் இந்தியச் சித்திர இதழியலின் முன்வரிசைக்குப் போன இருவர் இந்தப் பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்களை மறந்துவிட்டுத்தான் நாம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மங்காவின் சரித்திரம் தெரிந்தவர்கள் நகலைப் பழிக்க மாட்டார்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1812இல் வெளியிட்ட கையேடு, வட்டத்தையும் நேர்கோட்டையும் வைத்துக்கொண்டு மனிதரையும் விலங்குகளையும் எப்படி வரையலாம் என்று காட்டியது. 1814இல் தொடங்கி, அவர் இறந்த பிறகும் தொடர்ந்து, பதினைந்து தொகுதிகளாக வளர்ந்த 'ஹொகுசாய் மங்கா'வும் பார்த்து வரைந்து பழகுவதற்கான மாதிரிப் படங்களின் திரட்டுத்தான். குருவின் வீட்டுப் படியேற முடியாதவர்களுக்கும் அது குருவாக இருந்தது. நவீன மங்காவைத் தொடங்கிவைத்த ஒசாமு தெசுகா மருத்துவம் படித்தவர். டிஸ்னி படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்த கை அவருடையது. 1947இல் வந்த 'புதிய புதையல் தீவு' அந்தக் கையின் அறுவடை. தான் வரைவது ஓவியமே அல்ல, ஒருவகைக் குறியெழுத்து என்று அவர் பிற்காலத்தில் சொன்னதை நாம் முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். பார்த்து எழுதாமல் எழுத்து யாருக்கும் வந்ததில்லை. மணலில் அகரம் எழுதும் குழந்தையை நகல்காரன் என்று எவரும் திட்டுவதில்லை. எழுத்து கைவந்த பிறகு வாக்கியம் எப்படி அமைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியை நம் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை.

தமிழில் ஏன் யாரும் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. மாலி தொடங்கிவைத்த பத்திரிகைச் சித்திர மரபு, 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு, 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம், 'அம்புலிமாமா'வின் வேதாளத்துக்குச் சங்கர் என்று வளர்ந்த கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. கோபுலு கும்பகோணத்தில் பயின்றார், சங்கர் சென்னையில் பயின்றார். மாபெரும் கைகள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த பெரும்பாலான வேலை வேறொருவர் எழுதிய கதைக்கு ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு படங்கள். கதையை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கோட்டாலேயே நகர்த்தும் பொறுப்பு அவர்களிடம் அபூர்வமாகவே வந்தது. பிறகு காமிக்ஸ் வந்தது. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், 1984இல் லயன், அதே ஆண்டில் ராணி காமிக்ஸ். இந்த இதழ்கள் மேல் மரியாதை இருக்கிறது, தீராத மனக்குறையும் இருக்கிறது. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. வரைந்தது லண்டன் இதழ் ஒன்றுக்காக. தமிழ்ச் சிறுவர்கள் அவருடைய அற்புதமான கறுப்பு வெள்ளையைத் தாளில் மை ஒட்டிய நிலையில் பார்த்து வளர்ந்தார்கள். படங்கள் வெளியிலிருந்து வந்தன, சிவகாசியில் வசனம் மட்டும் தமிழாயிற்று. வாண்டுமாமா போன்ற சிலர் தமிழிலேயே சித்திரக்கதை யோசித்தார்கள், அது ஓடையாகவே நின்றுபோயிற்று. அந்த இதழ்கள் தலைமுறை தலைமுறையாக வாசகர்களை உண்டாக்கின. பத்துப் பக்கம் வரைந்துகொண்டு வா, பார்க்கலாம் என்று ஒரு பையனிடம் சொல்லும் ஆசிரியர் அறையை அவை உண்டாக்கவில்லை. இன்றைய பிள்ளை ஜப்பானிலிருந்து கற்றுக்கொள்கிறான் என்றால், பின்பற்ற இங்கே ஒரு மூத்தவர் வரிசை இல்லாததும் அதற்குக் காரணம்.

மலையாளத்தில் அந்த வரிசை இருந்தது. 1919இல் கொல்லத்து 'விதூஷக'னில் வந்த முதல் கார்ட்டூன், தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் (அம்புலிமாமா சங்கர் அல்ல) நடத்திய வார இதழ் ஆகியவற்றை வேகமாகக் கடந்து, நான் தங்க விரும்பும் காலத்துக்கு வருகிறேன். பாலக்காட்டுக்காரரான ஓ.வி. விஜயன் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1958இல் சங்கரின் இதழுக்குக் கார்ட்டூன் போடப் போனார். தமிழ் வாசகருக்கு அவர் யூமா வாசுகி மொழிபெயர்த்த 'கசாக்கின் இதிகாச'த்தின் ஆசிரியர் மட்டுமே. தஸ்ராக் கிராமத்தைக் கசாக் ஆக்கிய நாவலாசிரியரை நாம் கொண்டாடுகிறோம், அதே மனிதர் பல ஆண்டுகள் சோறு தின்றது தூரிகையால் என்பதை மறக்கிறோம். விஜயனின் கோடு மயக்குகிற கோடல்ல. கனத்த கறுப்பு, குறுகிய கழுத்து, தரையோடு ஒட்டிய உடல்கள். உடற்கூறு வாத்தியார் பார்த்தால் சிவப்பு மை தீர்ந்துவிடும். ஆனால் இரண்டு உருவங்களுக்கு நடுவே அவர் விடும் வெற்றிடம் பேசுகிறது. யார் அதிகாரத்தில் இருக்கிறார், யார் அதற்கு முன் நிற்கிறார் என்பது முகபாவத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. இது உருவம் வரையும் திறமை அல்ல, உருவங்களை வைக்கும் திறமை.

ஜி. அரவிந்தன் இன்னும் ஒரு படி மேலே போனார். தாவரவியல் படித்து ரப்பர் வாரியத்தில் வேலை பார்த்த அவர், 1961 முதல் 1973 வரை 'மாத்ருபூமி' வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' வரைந்தார். ராமு என்ற வேலையில்லாத இளைஞன் பன்னிரண்டு ஆண்டுகளில் வயதாகிறான், வேலை கிடைக்கிறது, வசதி வருகிறது, அவன் நேர்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கதையின் இன்னொரு பாத்திரமான குருஜி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தியாவில் அதற்கு முன் இவ்வளவு பொறுமையான சித்திரக்கதை எனக்குத் தெரிந்து இல்லை. முகங்கள் மிக எளியவை. ஓரிரு கோடுகளில் முடிந்துவிடுபவை. அந்த எளிமைதான் அவருக்கு நேரம் கொடுத்தது. ஒவ்வொரு வாரமும் அதே முகத்தைப் போடவேண்டியவன் கண்ணிமைக்கு இருபது மயிர் வரைந்துகொண்டிருக்க முடியாது. அடுத்து இ.பி. உண்ணி. கஞ்சிக்கோட்டுக்குப் பக்கத்து எலப்புள்ளிக்காரர், இயற்பியல் படித்தவர். 1973இல் சங்கரின் இதழில் முதல் கார்ட்டூன், 1977இல் 'தி இந்து', பின்னாளில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'. கேரளம் முழுக்க நடந்து வரைந்து 2001இல் வெளியிட்ட பயணப் புத்தகத்தில் தெருவும் படித்துறையும் கூரையும்தான் கதாபாத்திரங்கள். இந்த மூவரும் ஓவியக் கல்லூரிக்குப் போனவர்களல்ல. அவர்களைத் திருத்தியது வாராவாரம் வந்த கெடு, அச்சில் தன் கோடு எப்படி விழுகிறது என்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, ஒரு ஆசிரியரின் தலையசைப்பு.

உடற்கூறு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், ஆனால் எப்போது வேண்டும் என்பதில்தான் தகராறு. தானே கற்கும் பிள்ளை எப்படித் தொடங்குகிறது என்று கவனித்தால் புரியும். ஒரு வட்டம், அதை இரண்டாகப் பிளக்கும் நடுக்கோடு, கண்ணுக்கு ஒரு குறுக்குக்கோடு, கீழே கூர்ந்து இறங்கும் தாடை. முகம் எப்போதும் முக்கால்வாசி திரும்பியிருக்கும், பெரும்பாலும் இடப்பக்கமாக. வலக்கையால் வரைகிறவர்களுக்கு அந்த வளைவு எளிது. தூரத்துக் கண்ணும் அருகிலுள்ள கண்ணும் ஒரே அகலத்தில் விழுந்துவிடும். தாளைப் பின்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் முகம் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பது பட்டென்று தெரியும். இதைச் சொல்லிக்கொடுக்க உடற்கூறு வகுப்பு வேண்டியதில்லை. அடுத்துப் பாருங்கள்: கைகள் சட்டைப் பையில் இருக்கும், அல்லது முதுகுக்குப் பின்னால். பாதங்கள் தாளுக்குக் கீழே போயிருக்கும். இங்கேதான் அந்தப் பிள்ளை நின்றுபோகிறது. கை வரைய வராததால் கையை ஒளிக்கிறது என்று வாத்தியார் சொல்வார். தனித்து நிற்கிற ஓர் உருவத்துக்குக் கையால் வேலையே இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த உருவம் ஒரு பேருந்தில் கம்பியைப் பிடிக்கவேண்டும், தங்கையின் தலையைப் பின்னவேண்டும் என்று கதை கேட்டால் கை வரைந்தே ஆகவேண்டும். அப்போது தேடிப் போய்க் கற்கும் எலும்பும் தசையும் மறக்காது. கதைக்கு முன்னால் திணித்த உடற்கூறு, அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு வரைந்த பானையும் குவளையும் போல, சான்றிதழோடு முடிந்துவிடும்.

இன்னொரு எதிர்ப்பு அந்நியம் பற்றியது. பெரிய கண்ணும் முள்முடியும் நம்முடையதா என்கிறார்கள். இதற்குப் பதிலாக, நம் சுவரோவியங்களிலும் கதகளியிலும் பெரிய கண் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதல் எனக்கு உவப்பில்லை. எதற்கும் நம் பாட்டனிடம் சான்றிதழ் வாங்கும் பழக்கம் அது. கேட்கத்தக்க ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. பாலக்காட்டு மாவட்டத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து, கம்பனின் தமிழ்ப் பாட்டைச் சொல்லி மான்தோல் பாவைகளை நிழலாக ஆட்டுவது. திரையில் வருவது ராமனா ராவணனா என்பதை மகுடத்தின் விளிம்பும் உடலின் வெளிக்கோடும் சொல்லிவிடவேண்டும். கறுப்பாக நிரப்பினாலும் ஆளை அடையாளம் தெரியவேண்டும் என்று மங்கா வரைகிறவர்கள் இன்று கதாபாத்திரத்துக்கு வைக்கும் சோதனை இதுவேதான். வாய்ப்பாட்டால் ஆன உருவம் கலைக்குப் பகை என்று சொல்கிறவர்கள் இந்தக் கூத்தை ஆட்டும் கூனத்தறைப் புலவர்களின் திரைக்கு முன் ஓர் இரவு உட்காரவேண்டும். அந்தப் பாவைகள் கதை சொல்வதற்காகச் செய்யப்பட்டவை. தனியாகச் சட்டமிட்டு மாட்டுவது பின்னால் வந்த பழக்கம்.

அந்தப் புலவர்களுக்குத் தகப்பனும் பாட்டனும் குருவாக இருந்தார்கள், இந்தப் பிள்ளைக்கு யார் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. எதிர்ப்புகளில் கனமானது இதுதான். மங்கா உலகையே பார்ப்போம்: அகிரா தொரியாமா இதழ்ப் போட்டியில் பரிசு பெறாமல் நுழைந்தவர். ஆசிரியர் தொரிஷிமா நூற்றுக்கணக்கான பக்கங்களைத் திருப்பித் தந்த பிறகே 1980இல் 'டாக்டர் ஸ்லம்ப்' வந்தது. 'ஒன்' என்ற புனைபெயர்க்காரர் 2009இல் 'ஒன்-பஞ்ச் மேன்' கதையை இணையத்தில் மிகக் கச்சாவான கோட்டில் போட ஆரம்பித்தார். அந்தக் கோட்டை எந்த ஓவிய ஆசிரியரும் தேர்ச்சி போடமாட்டார். ஆனால் எந்தக் கட்டத்தில் ஆள் நிற்கவேண்டும், எங்கே அடி விழவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தேர்ந்த கையான யூசுகே முராத்தா 2012இல் அதே கதையைத் திரும்ப வரைய முன்வந்தார். கோட்டைப் பிறகு தேற்றிக்கொள்ளலாம், பக்கம் தெரியாத கைக்கு அப்படி ஒரு வழி இல்லை. திருத்துகிற குரு மனிதராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. முடித்த எட்டுப் பக்கமும் அதைப் படித்துவிட்டு எங்கே புரியவில்லை என்று சொல்லும் நண்பனும் போதும்.

கஞ்சிக்கோட்டில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஊரைப் பார்க்கவில்லை. மின்வாரியத்தின் காற்றாலைகள், கணவாய்க் காற்றில் சாய்ந்த பனைகள், ஷிஃப்ட் மாறும்போது ஆலை வாசலில் நிற்கும் பீகார், அசாம் தொழிலாளிகள், வாளையாறு பக்கம் யானைகள் ரயிலில் அடிபடும் தண்டவாளம். இவற்றில் ஒன்றுகூட ஒற்றை முகத்தில் அடங்காது. யானை தடம் தாண்டும் ஒரு நிமிடத்துக்கே குறைந்தது ஆறு கட்டம் வேண்டும்: தண்டவாளம், காது, டார்ச் வெளிச்சம், எஞ்சின் ஓட்டுநரின் கை, குட்டி, மறுபடி தண்டவாளம். மங்கா இந்த நேரக் கணக்கைத்தான் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. முடி வரைவதைக் கற்றுக்கொண்டு இதை விட்டுவிடுவது பெரிய நஷ்டம். கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் பென்சில் ஓவியம் இருக்கிறது, எண்ணெய் வண்ணம் இருக்கிறது, ஒற்றைக் கார்ட்டூன் இருக்கிறது, தமிழ்க் கவிதை சொல்லும் போட்டிகூட இருக்கிறது. நான்கு பக்கச் சித்திரக்கதைக்கும் ஒரு போட்டி வையுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். தலைப்பை அங்கேயே கொடுங்கள், மூன்று மணி நேரம் கொடுங்கள், நருட்டோவின் முடியோடு வந்தால் மதிப்பெண் குறைக்காதீர்கள்.