கடைசிக் கம்பத்திலிருந்து வீடு வரை

திருநெல்வேலியில் வீட்டுக்கு ஃபைபர் நெட் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை எம்பிபிஎஸ் என்பதைத்தான். இணைப்பு நன்றாக இருக்குமா என்பதை அந்த எண் பாதிகூடச் சொல்லாது. ஈபி கம்பத்திலிருந்து வாசலுக்கு வரும் ஒயரும், அது அறுந்தால் வந்து ஒட்டித் தரும் ஆளுமே மீதியைத் தீர்மானிக்கிறார்கள்.

தொழில்நுட்பத்தில் குறை சொல்ல அதிகமில்லை. பழைய டெலிபோன் கம்பியில் வந்த பிராட்பேண்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். அதில் பரவலாக இருந்த மேம்பட்ட வகைக்கே உச்சவரம்பு 24 எம்பிபிஎஸ்தான். இன்று வீடுகளுக்குப் பரவலாக வரும் ஜிபான் முறையில் ஓர் இழை நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட்டை இறக்கும், 1.25 கிகாபிட்டை ஏற்றும். 20 கிலோமீட்டர் வரை தாங்கும். பாளையங்கோட்டையில் எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கும் சேரன்மகாதேவிப் பக்கம் வயலோரம் குடியிருப்பவருக்கும் ஒரே வேகத்தைத் தர முடிகிறது. இழை கண்ணாடி, மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஐப்பசி இடிக்கு டெலிபோன் கம்பி வழியே மோடம் கருகும் தொல்லையும் இதில் இல்லை.

அந்த ஓர் இழையை வழியிலே ஒரு ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 32 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக இழுத்தால் ஆளுக்கு 78 எம்பிபிஎஸ் அளவில்தான் கிடைக்கும். அப்படி எல்லோரும் சேர்ந்து இழுப்பது அரிது. துல்லியமான ஒரு படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும் என்பதால், நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் தாராளம். அதற்கு மேலே கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண் என்பது என் கணிப்பு.

அந்த வீணுக்கு உதாரணமாகக் கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரத்து வீடுகளைப் பாருங்கள். முகப்பு குறுகல், உள்ளே கட்டுக்குப் பின் கட்டாக நீளம், சுவரோ கனம். ஒயர் தெருப்பக்கமாக வருவதால் மோடத்தைத் திண்ணைக்கு அடுத்த அறையிலேயே மாட்டிவிடுகிறார்கள். கொல்லைப்பக்க அறையில் வகுப்பு கேட்கும் பிள்ளைக்கு வைஃபை எட்டுவதில்லை. உடனே 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுகிறார்கள், பிள்ளையின் பாடு மாறுவதில்லை. நடுக்கட்டு வரை ஒரு லேன் ஒயர் இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டர் வைத்தால் தீர்ந்தது.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் நடக்கிறது. 2023-இல் வந்த ஏர்ஃபைபர் வகைகள் 5ஜி அலைவரிசையில் வருபவை. வீட்டுக்குள் இழை வராது. சில தெருக்களில் கேபிள்காரரின் பெட்டி வரை இழையும் அங்கிருந்து சாதாரண லேன் ஒயரும் வரும். முழு ஃபைபர் என்றால் நூல்போன்ற இழை வீட்டு மோடத்தில் பான் (PON) என்று குறித்த துளையிலேயே வந்து செருகும். பொருத்த வந்தவரிடம் இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (dBm) சுற்றி இருந்தால் நல்ல வெளிச்சம் வருகிறது. மைனஸ் 27-ஐத் தாண்டிப் போனால் இணைப்பு விட்டுவிட்டு வரும். நிலைப்படியில் ஒயரை மடக்கி ஆணி அடித்தாலே வெளிச்சம் கசிந்து எண் சரியும்.

கிராமங்களின் நிலை வேறு. ஊராட்சிதோறும் இழை கொண்டுபோக 2011-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த திட்டம்தான் பின்னாளில் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு அதைக் கொண்டு சேர்க்கும் வேலை டான்பிநெட் நிறுவனத்துடையது. பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே போகிறது. தோண்டிப் புதைப்பதைவிட இது மலிவு, விரைவு. ஆகவே அந்த முடிவைத் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த இழை தானாக வீடுகளுக்கு வந்துவிடாது. அங்கிருந்து வாசல் வரை இழுப்பதும் பழுதுபார்ப்பதும் உள்ளூர் கேபிள்காரரின் பொறுப்பாகவே முடிகிறது.

கம்பத்தை நம்பியதன் விலை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெரிந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களுக்குள் வந்தது. கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இழையும் சேர்ந்தே போகும். கரண்ட் இல்லாவிட்டால் அறுபடாத இழையும் பயன்படாது, மோடம் எரியாதே. வெள்ளம் வரும் ஆறு என்று தெரிந்த பின்பும் கரையோர ஊர்களுக்கு ஒரே வழியில் மட்டும் இழை போவது ஏற்கத்தக்கதல்ல. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியே தொடரும் வளையமாக அதை அமைப்பது அரசின் கடமை, செலவு கூடினாலும்.

ஆக, டெலிபோன் கம்பியிலோ செல்போன் ஹாட்ஸ்பாட்டிலோ காலம் தள்ளும் வீடு தயங்காமல் ஃபைபருக்கு மாறலாம். எந்த நிறுவனம் என்பதை மட்டும் விளம்பரத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். உங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் விசாரியுங்கள்: போன மழைக்காலத்தில் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தபோது, எத்தனை நாளில் ஆள் வந்தார்?